அது குடும்ப விஷயம் அல்ல



பக்கத்து வீட்டில் திருடன் புகுந்தால் தெருவே கம்போடு ஓடுகிறது. அதே வீட்டில் ஒருத்தி அடிவாங்கி அலறினால் டிவி சத்தம் கூடுகிறது. கேட்டால், "புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கெதுக்கு?" என்கிறார்கள். இந்த மேடை குற்றம் சாட்டுவது கை ஓங்கியவனை மட்டுமல்ல. டிவி சத்தத்தைக் கூட்டியவர்களையும்தான்.

எங்கோ ஒரு வீட்டில் நடக்கிற கதை இது என்று யாரும் தேற்றிக்கொள்ள வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு அரசே எடுத்த கணக்கு. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்கிறது அது. நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 29.3 சதவீதம். படிப்பில் முன்னணி, தொழிலில் முன்னணி என்று மார்தட்டும் மாநிலம் இதிலும் சராசரியைத் தாண்டி நிற்கிறது!

அதைவிடக் கொடுமை இன்னொரு கணக்கு. இந்தியாவில் உடல், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் யாரிடமும் வாயே திறக்கவில்லை. கேட்ட சிலரும் பெரும்பாலும் போய் நின்றது சொந்தக் குடும்பத்திடம். அங்கே என்ன கிடைக்கிறது? "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா." "தங்கச்சிக்கு இன்னும் கல்யாணம் ஆகல." "ஒரு குழந்தை பிறந்தா எல்லாம் சரியாயிடும்." குழந்தை பிறந்தால் அடி நிற்பதில்லை; அதைப் பார்க்க வீட்டில் ஒரு சாட்சி கூடுகிறது, அவ்வளவுதான்.

"என் மாப்பிள்ளை அடிக்கிறதில்லையே" என்று சிலர் பெருமைப்படுகிறார்கள். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைச் சட்டம் அடிப்பதோடு மட்டும் நிற்கவில்லை. உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் என நான்கு வழிகளில் வரும் வன்முறையைச் சொல்கிறது. சம்பளம் போட்டதும் ஏடிஎம் கார்டைப் பிடுங்கிக்கொள்வது வன்முறை. கேட்காமல் நகையை அடகு வைப்பது வன்முறை. ஆண் பிள்ளை பெறவில்லை என்று நாள்தோறும் குத்திக் காட்டுவது வன்முறை. மனைவிக்கு மட்டுமல்ல, அதே வீட்டில் வாழும் தாய்க்கும் சகோதரிக்கும் மகளுக்கும் இந்தச் சட்டம் பாதுகாப்பு.

வன்முறையின் அறிகுறிகள் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும். மாதம் ஒருமுறை "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்கிறாள். அம்மாவோடு பேசும்போதும் போனை ஸ்பீக்கரில் போடுகிறாள். தோழி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட வருவதில்லை. ஐந்து ரூபாய்க்கும் கணக்குச் சொல்கிறாள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், "அப்படின்னா ஏன் இன்னும் அங்கேயே இருக்கா?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கே போவாள்? கையில் காசில்லை, இடுப்பில் குழந்தை, வெளியே வந்தால் 'வாழாவெட்டி' என்ற பட்டம். அவள் கிளம்பத் துணியும் நேரம்தான் ஆபத்து மிகுந்த நேரம் என்பதை இத்தகைய பெண்களுக்காக உழைப்பவர்கள் அறிவார்கள். வீட்டை விட்டுத் துரத்த முடியாது என்று சட்டம் அவளுக்கு வசிக்கும் உரிமை தந்திருக்கிறது. கணவனோடு குடியிருந்த வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அந்த உரிமையைக் கோரலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அவள் தரும் மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆண்டுக்கணக்கில் வாய்தா கொடுக்கும் நீதிமன்றங்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். பெண்கள் அச்சமின்றிப் புகார் சொல்லத்தான் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். சமாதானம் பேசி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்ப அல்ல.

"பொய் வழக்குப் போடுகிறார்களே?" என்று ஒரு கூட்டம் கிளம்பும். பொய்யைப் பிரித்தெடுக்க நீதிமன்றம் இருக்கிறது. அடிவாங்கும் பெண்களில் 100-க்கு 77 பேர் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாத நாட்டில், மிகுதியாக இருப்பது வழக்கா, மௌனமா?

உதவிக்கு வழி இருக்கிறது. 181 பெண்கள் உதவி எண். இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 112. மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகத் தங்குமிடம், மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் புகாரை எழுதி நீதிபதியிடம் சேர்ப்பார். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், பெண்ணுக்கு இலவச வழக்கறிஞர் தருவது சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கடமை. அதன் எண் 15100.

புகார் சொல்ல அவளேதான் வர வேண்டும் என்பதில்லை. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்குப் பாயாது என்கிறது சட்டத்தின் நான்காவது பிரிவு. "நமக்கெதுக்கு வம்பு?" என்ற சாக்கு இந்தச் சட்டம் வந்த அன்றோடு செத்துவிட்டது.

ஆகவே பெற்றோரே, மகள் பையோடு வந்து நின்றால் மாப்பிள்ளைக்குப் போன் போடாதீர்கள்; முதலில் அவளை உட்காரவைத்துக் கேளுங்கள். அக்கம்பக்கத்தாரே, அடுத்த முறை அலறல் கேட்டால் கதவைத் தட்டுங்கள். தட்ட அச்சமா? 181-ஐ அழையுங்கள்.