சேப்பாக்கம் அரண்மனையில் ஒரு நாள்
(நமது ஜமாஅத் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நமது மஹல்லா மாணவர்கள் இருபது பேரை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சேப்பாக்கம் அரண்மனையைக் காணச் சென்றோம். அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் முடிப்பேனா என்று உறுதி கூற இயலாது.

பம்மலிலிருந்து பல்லாவரம் வந்து மின்சார ரயிலேறி, பார்க் நிலையத்தில் இறங்கி, பறக்கும் ரயிலுக்கு மாறிச் சேப்பாக்கம் சென்றடைந்தோம். வழியில் ஒரு மாணவர், "ஐயா, நாம் பார்க்கப்போவது மூரிஷ் பாணி அரண்மனை என்கிறார்களே, மூர் என்றால் யார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. வட ஆப்பிரிக்க மக்களை உரோமர்கள் அழைத்த பெயர் அது. ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்களுக்கு அப்பெயர் வழங்கிற்று. போர்ச்சுகீசியர் கடல் கடந்து வந்தபோது அச்சொல்லையும் உடன் கொண்டுவந்தனர். மலபாரிலும் சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் கண்ட முஸ்லிம்கள் அனைவரும் அவர்களுக்கு மூர்களே. இலங்கைச் சோனகர்களுக்கு ஆங்கிலத்தில் இன்றும் அப்பெயரே நிற்கிறது. சென்னையில் இருந்த ஆங்கிலேயரும் அச்சொல்லையே பயன்படுத்தினர். ஆர்க்காட்டு நவாபும் அவர்கள் ஏட்டில் ஒரு மூர்தாம்!

அந்த நவாபு முஹம்மது அலி வாலாஜா 1768இல் அமைத்த இல்லமே சேப்பாக்கம் அரண்மனை. கலசு மஹால், ஹுமாயூன் மஹால் என இரு பகுதிகள் கொண்டது. குவிமாடங்களும் வளைவுகளும் உடைய இப்பாணி பின்னர் இந்தோ சாரசெனிக் எனப் பெயர் பெற்றது. அதன் தொடக்கக் கட்டடங்களுள் இதனையும் வைத்து எண்ணுகின்றனர். இரு மஹால்களுக்கும் நடுவே உயர்ந்து நிற்கும் கோபுரம் நவாபு காலத்ததன்று; பிற்காலத்தில் ஆங்கிலப் பொறியாளர் சிஷோம் எழுப்பியது. அலுவலக வாயில்கள் அன்று அடைத்திருந்தமையால் வெளியில் நின்றே பார்த்தோம். அதுவும் எளிதாக இல்லை. எழிலகக் கட்டடங்கள் முன்னின்று மறைக்கின்றன. கடற்கரைச் சாலையில் நாள்தோறும் செல்வோரில் எத்தனை பேர் இங்கே ஓர் அரண்மனை இருப்பதை அறிவார்கள்?

"தோட்டம் எங்கே?" என்று சிறுவர்கள் கேட்டார்கள். கைநீட்டி நான்கு திசையையும் காட்டினேன். கூவம் ஆற்றுப் பக்கத்திலிருந்து இன்றைய பாரதி சாலை வரையும், பெல்ஸ் சாலையிலிருந்து கடற்கரை வரையும் 117 ஏக்கர், மதில் சூழ்ந்த ஒரே வளாகமாக இருந்தது. இன்று அங்கே பல்கலைக்கழகம், அரசு அலுவலகங்கள், கிரிக்கெட் அரங்கம். 1952இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்ற அரங்கமும் அந்த நிலத்தில்தான் உள்ளது என்றதும் சிறுவர்களின் முகம் மலர்ந்தது. அரண்மனையை மறந்து அரங்கத்தின் பக்கம் திரும்பிவிட்டார்கள்!

இத்துணைப் பெரிய உடைமை கைமாறியது எப்படி? இங்கே ஒரு பீரங்கிக் குண்டும் விழவில்லை. கடன் பத்திரங்களே அதனைக் கொண்டு சென்றன. கர்நாடகப் போர்களில் கும்பினிப் படை நவாபுக்குத் துணை நின்றது. படைச் செலவு நவாபின் கணக்கில் எழுதப்பட்டது. அதைச் செலுத்த அவர் கும்பினியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் வரி வருவாயை எழுதிக் கொடுத்தார். அந்த வட்டியைக் கடைசியில் சுமந்தவன் நெல் விளைத்த உழவன். வட்டியைப் பற்றி இம்மேடையில் நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு விந்தை. அரண்மனையைக் கட்டியவராகக் கூறப்படும் பால் பென்ஃபீல்ட் என்பவரே நவாபுக்குப் பெருங்கடன் கொடுத்தவர்களுள் முதன்மையானவர். தஞ்சை வருவாயின் மீது அவர் கோரிய உரிமையால் எழுந்த பூசலில், 1776இல் சென்னை ஆளுநர் பிகட் பிரபுவே சிறைப்பட்டார். மறு ஆண்டு காவலிலேயே இறந்தார். 1785இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இக்கடன்களைக் கண்டித்து நெடிய உரை நிகழ்த்தினார். பின்னர் 1805இல் அமைந்த ஆணையர் குழு பல்லாண்டுகள் கணக்குகளைத் துருவியது. கோரப்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதே உண்மைக் கடன் என்று அது ஏற்றது. ஆயினும் என்ன பயன்? அதற்கு முன்பே, 1801 உடன்படிக்கையால் ஆட்சி கைவிட்டுப் போயிருந்தது. 1855இல் நவாபு குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறைந்தபோது பட்டமும் ஒழிக்கப்பட்டது. 1859இல் அரண்மனை ஏலத்திற்கு வந்தது, வாங்கியது அரசாங்கமே. பென்ஃபீல்ட் 1810இல் பாரிஸில் வறியவராக மாண்டார் என்பதையும் மாணவர்களிடம் சொன்னேன், சிரித்தார்கள்.

கிரனாடாவின் அல்ஹம்ரா அரண்மனை 1492இல் முற்றுகைக்குப் பின் கைமாறியது. இருந்தும் தாரோ ஆற்றிலிருந்து அதன் தோட்டங்களுக்கு வாய்க்கால் வழி நீர் வரும் ஏற்பாடு அழியவில்லை. இன்று உலகெங்குமிருந்து சீட்டு வாங்கி மக்கள் காணச் செல்கிறார்கள். போரில் இழந்த இடத்தில் தோட்டம் இருக்கிறது. கடனில் இழந்த இடத்தில் இல்லை. இந்த ஒப்பீடு முழுவதும் பொருந்தாது என்று நீங்கள் கூறலாம். எனினும் அன்று அந்தச் சாலையோரத்தில் நின்றபோது எனக்கு அப்படித்தான் தோன்றிற்று.

ஏலத்திற்குப் பின் கலசு மஹாலில் பொறியியற் கல்லூரி இயங்கிற்று. 1920இல் அது கிண்டிக்குச் சென்றது. பின்னர் அரசு அலுவலகங்கள். 2012 ஜனவரி 16 அதிகாலையில் அங்கே தீப்பற்றியது. மர உத்தரங்கள் எரிந்து கூரை சரிந்தது. தீயை அணைக்கச் சென்ற அலுவலர் ஒருவர் உயிர் நீத்தார். அவர் காக்க முயன்ற சுவர்கள் நின்றன. அரசு அக்கட்டடத்தைப் புதுப்பித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இடம்பெற்றது. சிதைந்து கிடந்த ஹுமாயூன் மஹாலும் பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. நம் பாட்டனார் காலத்து வீடுகளைப் போல, சுண்ணாம்புக் கலவையும் கடுக்காயும் வெல்லமும் அறிந்த கைகள் இப்பணிக்கு வேண்டும். அத்தகைய கொத்தனார் நம்மிடையே எத்தனை பேர் எஞ்சியுள்ளனர்?

அஸர் தொழுகைக்குத் திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசலுக்கு நடந்தே சென்றோம். நவாபு குடும்பத்தார் 1795இல் எழுப்பிய கற்பள்ளி அது. வாலாஜா மறைந்ததும் அதே ஆண்டில்தான். ஒரே குடும்பத்தின் இரு கட்டடங்கள். நடந்து செல்லும் தொலைவு. ஒன்று அறுபத்து நான்கே ஆண்டுகளில் ஏலம் போயிற்று. இறைவனுக்கென விடப்பட்ட மற்றொன்றின் வாசலில் எவரும் நம்மைத் தடுக்கவில்லை. ரமழானில் இங்கே நோன்பு திறக்கும் உணவைப் பரிமாறுவோர் சிந்தி இந்து அன்பர்கள் என்று சொன்னபோது, கேள்வி கேட்டுக்கொண்டே வந்த அந்த மாணவர் முதன்முறையாக அமைதியானார். தொழுகை முடிந்தும் அவர் தூணருகே அமர்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

அடுத்த முறை ஹுமாயூன் மஹாலை உள்ளே சென்று காணவும், இராயப்பேட்டை அமீர் மஹாலைப் பார்க்கவும் மாணவர்கள் விரும்புகிறார்கள். இரண்டிற்கும் முன் அனுமதி வேண்டும். தேர்வுகள் முடிந்தவுடன் செல்லும் வகையில் இப்போதே கடிதம் எழுதுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.