நிறத்தை வாங்குவோரும் நாயை வளர்ப்போரும்



ராஜபாளையத்தின் பெயரைப் பஞ்சாலைகளுக்கு நிகராக வெளியூர்களுக்குக் கொண்டு சென்றது, அவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கும் வெள்ளை வேட்டைநாய். 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நாயினங்களுக்காக வெளியிட்ட நான்கு அஞ்சல்தலைகளுள் ஒன்று அதற்குரியது. கால்நடை இனங்களைப் பதிவு செய்யும் கர்னால் தேசியப் பணியகம், சிப்பிப்பாறை, முதோல் ஆகியவற்றோடு அதனையும் இந்திய நாயினமாகப் பதிந்துள்ளது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையிலும் அதன் பெயர் ஒலித்தது. இத்தனை பெருமையையும் முன்னே வைத்துத்தான் இன்று குட்டிகள் விலை பேசப்படுகின்றன: வாங்குகிறவர் இனத்தைக் காக்கிறார் என்று சொல்லப்படுகிறது, வாங்குகிறவரும் அதனை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். இந்த மேடை மறுக்க எழுந்திருப்பது அந்த ஒற்றை வாக்கியத்தைத்தான்.

ஓர் இனம் காக்கப்படுவது குட்டிகளின் எண்ணிக்கையால் அன்று. எந்தக் கடுவனை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது, எதனைச் சேர்க்காமல் விடுவது என்ற தீர்ப்பினால்தான் அது காக்கப்படுகிறது. இரத்த உறவுள்ள நாய்களையே தலைமுறை தலைமுறையாக இணைப்பதை உட்கலப்பு என்பர். சிறிய கூட்டத்துக்குள் நிகழும் உட்கலப்பில், பெற்றோரிடம் வெளித் தெரியாமல் மறைந்திருந்த குறைகள் குட்டிகளிடம் வெளிப்படத் தொடங்குகின்றன. ஈற்றுக்கு ஈற்று இணைப் பதிவேடு வைத்து, மூன்று தலைமுறை உறவைப் பார்த்துச் சேர்ப்பவரும், வாசலில் வந்து நின்ற முதல் வெள்ளைக் கடுவனோடு பெட்டையை விட்டுவிடுபவரும் சந்தையில் ஒரே பெயரால் அழைக்கப்படுவது வாங்குவோரின் அறியாமைக்குக் கிடைத்த சலுகையே தவிர வேறில்லை.

அவ்வறியாமையின் முதல் பலி நாயின் காது. உடல் முழுதும் பால்வெண்மை, மூக்கும் இமையும் ரோஜா நிறம், பொன்னிறக் கண் ஆகியவையே ராஜபாளையத்தின் அழகெனக் கொள்ளப்பட்டு, பழுப்போ கருப்போ புள்ளி விழுந்த குட்டிகள் ஈற்றிலேயே கழித்துக் கட்டப்பட்டு வந்தன. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தருகின்ற நிறமிச் செல்கள் உட்காதிலும் வேலை செய்கின்றன. அவை அங்கே இல்லாதபோது, ஒலியை நரம்புக்கு உணர்த்தும் நுண்மயிர்ச் செல்களுக்கு ஊட்டம் குறைந்து, குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் அவை அழிந்து விடுகின்றன. டால்மேஷியன் நாய்களிடம் உலகறிந்த இந்தப் பிறவிச் செவிடு, ராஜபாளையத்திலும் உண்டு. வீட்டைக் காக்கவும் காட்டுப்பன்றியை மறிக்கவும் வளர்க்கப்பட்ட நாய்க்குக் காலடி ஓசை கேட்காமற் போகும்படி அதன் நிறத்தை மட்டும் தேர்ந்தெடுத்தது, இனப்பற்று என்ற பெயரில் இனத்துக்கு இழைக்கப்பட்ட கேடு.

விற்பவர் செய்து காட்டும் சோதனை வாங்குபவரை எளிதில் ஏமாற்றும். குட்டிகள் தட்டில் பால்சோறு தின்னும்போது பின்னாலிருந்து கை தட்டினால், கேட்கும் குட்டி துள்ளுகிறது, அதன் துள்ளலைப் பார்த்துக் கேளாத குட்டியும் திரும்புகிறது. தரையில் எவர்சில்வர் தட்டைப் போட்டால் அதிர்வு பாதத்தில் ஏறுகிறது. குட்டியைத் தனியே பிரித்து, மெத்தென்ற சாக்கின் மீது உட்கார வைத்து, அதன் பார்வையும் மூச்சுக்காற்றும் படாத இடத்திலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குவதே ஓரளவு நம்பத்தக்கது. ஒரு காது மட்டும் பழுதான குட்டி அதிலும் தேறிவிடும். ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின் எதிர்வினையைக் காதுக்குக் காது அளக்கும் கருவிச் சோதனை ஒன்றே ஐயத்தைத் தீர்க்கும். அதனைக் கேட்டு வாங்குபவர் எத்தனை பேர்?

இனத்தைக் காப்பது அந்த நாய்க்கு உரிய வேலையையும் நிலத்தையும் காப்பதும் ஆகும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை குற்றமாயிற்று. சாம்பல் நிற அணிலுக்குப் புகலிடமாக இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயிற்று. எஞ்சிய வேலை தோப்பையும் களத்தையும் காப்பது. ஓட இடமின்றி மாடிவீட்டுச் சங்கிலியில் கட்டப்பட்டு, ஒருவரிடம் மட்டும் ஒட்டி அயலாரை அண்டவிடாத இயல்போடு வளரும் நாய், ஓராண்டில் அண்டை வீட்டாரின் புகாராகிறது. பிறகு மதுரை–தென்காசி சாலையோரத்திலோ மலையடிவாரத்திலோ இறக்கி விடப்படுகிறது. லாரியின் ஹாரன் கேளாத வெள்ளை நாய் அச்சாலையில் எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காட்டுக்குள் புகுந்தாலோ மான்குட்டியைத் துரத்துவதோடு, டிஸ்டெம்பர் போன்ற நோயையும் காட்டு ஊனுண்ணிகளுக்குக் கொண்டு செல்லும்.

ஆகவே தோப்பும் களமும் இல்லாத வீட்டுக்கு உரியது மீட்பு நாய், அதாவது தெருவிலிருந்தோ கைவிட்டவரிடமிருந்தோ எடுக்கப்பட்டு, சிகிச்சையும் தடுப்பூசியும் பெற்றுப் புதிய வீட்டை எதிர்பார்த்திருக்கும் நாய். கலப்பு என்று இகழப்படும் தெருநாய், எவருடைய நிற ஆசைக்கும் ஆட்படாமல் இந்த வெயிலிலேயே தலைமுறைகளைக் கடந்து வந்தது. அதனிடம் தொல்லையே இல்லை என்று சொல்வதும் பொய்தான்: அடிபட்ட நாய்க்கு அச்சம் தெளியப் பல மாதங்கள் ஆகலாம், தெருக்குட்டிகளைப் பார்வோ என்னும் குடல்நோய் கொத்தாக வாரிச் செல்கிறது, வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் கருத்தடையையும் தள்ளிப் போடவும் முடியாது. இருப்பினும் வளர்ந்த மீட்பு நாயின் குணமும் காதும் கண்முன் தெரிகின்றன. ஐந்து வாரக் குட்டியிடம் தெரிவது நிறம் மட்டுமே.

இனப்பெருக்கமே பாவம் என்று முழங்குவோருக்கும் இந்த மேடையில் மறுப்பு உண்டு. சென்னை சைதாப்பேட்டையில் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறைக் குட்டிகளை வழங்கி வந்த அரசு நிலையத்தை, அங்கு நிலவிய குறைகளுக்காக மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, அதனை வெற்றியென்று கொண்டாடியவர்கள், மரபு அறிந்து வளர்க்கும் சிலரும் கையை விட்டால் இவ்வினம் அஞ்சல்தலையில் மட்டும் எஞ்சும் என்பதை எண்ணவில்லை. தோப்பு உள்ளவர் பொறுப்புள்ள வளர்ப்பாளரிடம் ராஜபாளையம் வாங்கட்டும். ஆனால் தாய் நாயைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள், வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், 18 மாதம் நிரம்பாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. 2024-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட கொள்கையும் பதிவை வலியுறுத்துகிறது. எழுதப்பட்ட விதியைக் கேட்டுப் பார்க்கும் வழக்கம் மட்டும் வாங்குவோரிடம் இன்னும் வரவில்லை.

தெருநாய்கள் குறித்து 2025-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகள் நாடெங்கும் சர்ச்சையைக் கிளப்பிய பின், நகராட்சிகள் கருத்தடைக்கும் காப்பகத்துக்கும் இடம் தேடுகின்றன. ஆயினும் தெருவுக்கு நாயை அனுப்புகின்ற கைகளைப் பற்றிய பேச்சு குறைவு. எனவே இக்கூட்டத்தின் கோரிக்கைகள் மூன்று: திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ராஜபாளையம் குட்டிகளுக்கான செவிச் சோதனை குறைந்த கட்டணத்தில் முறையாக நடைபெற வேண்டும், சோதனைச் சீட்டு இல்லாத வெள்ளைக் குட்டியை எவரும் வாங்கக் கூடாது, கேளாத குட்டி பிறந்தால் அதனைப் போற்றி வளர்க்கும் பொறுப்பு அந்த ஈற்றை எடுத்தவரையே சாரும்.