கிணறும் நிலமும்



பெருந்துறைக்கு அருகே, கீழ்பவானி வாய்க்காலிலிருந்து இரண்டு பர்லாங்கு தூரத்தில் எங்கள் தோட்டத்துக் கிணறு இருக்கிறது. தோட்டம் ஆயக்கட்டில் சேர்ந்ததன்று. 1950-களில் வாய்க்கால் வருமுன், பங்குனி பிறந்தால் கவலை இறைக்க நீர் இராது என்று என் தந்தையார் சொல்வார். வாய்க்கால் வந்தபின் கோடையிலும் ஊற்று நின்றது. மண் வாய்க்காலிலிருந்து கசிந்த நீரே கிணற்றை நிரப்பியது.

அவ்வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவது குறித்துச் சில ஆண்டுகளாக எங்கள் பகுதியில் பெரும் வாதம் எழுந்துள்ளது. கடைமடை உழவர் தம் வயலுக்கு நீர் வந்து சேரவேண்டும் என்கின்றனர். கசிவை நம்பியவர்கள் கிணறு வற்றிவிடுமே என்று அஞ்சுகின்றனர். இருதரப்பிலும் நியாயம் உண்டு. நிலத்தின் மேலே நாம் செய்யும் வேலை, கீழேயுள்ள நீரைத் தொடும் என்பதை மட்டும் இரு தரப்பாரும் நன்கு அறிந்திருக்கின்றனர்.

கொங்கு நாட்டின் அடித்தளம் கடினமான பாறை. அதன்மேல் சிதைந்து இளகிய அடுக்கிலும், பாறையின் வெடிப்புகளிலுமே நீர் தங்கும். ஆகவே பெய்யும் மழையை உள்ளே இறக்குவது இன்றியமையாதது. ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், அது ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர். நிலம் கெட்டித்துப் போயிருந்தாலும், சரிவின் போக்கிலேயே உழுதிருந்தாலும், அந்நீர் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். சரிவுக்குக் குறுக்கே உழுது, வரப்பை உயர்த்தி, மேய்ச்சற்காட்டில் கொழுக்கட்டைப் புல்லைக் காத்தால், ஓடும் நீர் தயங்கும். தயங்கிய நீரில் ஒரு பகுதி நிலத்துக்குள் இறங்கும்.

இறங்கினால் மட்டும் போதுமா? சென்னிமலைக்கு அருகே, நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் திறக்கப்பெற்றது. பாசனத்துக்காகக் கட்டிய அவ்வணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கிற்று. அங்கும் நீர் கசிந்தது. சுற்றிலும் உள்ள கிணறுகளை எட்டியது. ஆனால் உப்பும் உடன் சென்றது. பயிர்கள் கெட்டன. 2011-இல், கழிவுநீரை வெளியே விடாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எங்கள் கிணற்றை வாழவைத்த அதே கசிவு, அங்குள்ள கிணறுகளைக் கெடுத்தது.

அச்செய்தியை வகுப்பில் பலமுறை எடுத்துரைத்தவன் நான். பின்னொரு நாள் எங்கள் கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பினேன். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர அளவு. எங்கள் நீரில் அது மிகுந்திருந்தது. மஞ்சளுக்கு மூட்டை மூட்டையாக நான் இட்ட யூரியாவில், பயிர் உண்டது போக எஞ்சியது மழையோடு இறங்கியிருந்தது. நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, காய்ச்சினாலும் போகாது. அளவு மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் குன்றும். அப்போது எங்கள் வீட்டில் ஒரு பேரக்குழந்தை இருந்தது. அன்றே குடிநீரை மாற்றினோம். அடுத்த பட்டத்திலிருந்து மண்ணைச் சோதித்து, அளவறிந்து, உரத்தைச் சிறிது சிறிதாகப் பகிர்ந்து இட்டு வருகிறேன்.

2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பெற்ற அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், பவானியின் உபரிநீரை 1,045 குளங்குட்டைகளுக்குக் கொண்டுசெல்ல அமைந்தது. நிலத்தடி நீரைப் பெருக்குவதே அதன் நோக்கம். ஆனால் குளத்தின் வயிற்றில் குப்பையும் சாக்கடையும் நிறைந்திருந்தால், கீழே இறங்குவது எந்த நீர் என்று எண்ணிப் பாருங்கள்.

மாணவர்களே, அடுத்த மழையில் உங்கள் வீட்டருகே ஓடும் நீரின் நிறத்தைப் பாருங்கள். அது எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தொடர்ந்து செல்லுங்கள். மாதம் ஒருமுறை, ஊரில் ஒரு கிணற்றின் நீர்மட்டத்தைப் பெரியவர் ஒருவர் துணையோடு கயிறிட்டு அளந்து குறித்து வையுங்கள். ஓராண்டுக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் தந்தையாரிடம் பேசுங்கள், அவர் கேட்பார். நான் அறுபது வயதில் கற்றதை நீங்கள் பதினைந்தில் கற்கலாம்.