விண்வெளிச் செலவு: வகுப்பறையில் போட வேண்டிய கணக்கு

(ஆசிரியர் பணித்திறன் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரை)



"விண்வெளி ஆய்வு நாட்டின் பொருளாதாரத்துக்கு வரமா, சுமையா?" பேச்சுப் போட்டிக்கும் பட்டிமன்றத்துக்கும் நாம் அடிக்கடி கொடுக்கும் தலைப்பு இது. பிள்ளைகள் இரண்டு அணியாகப் பிரிவார்கள். ஓர் அணி சந்திரயானைச் சொல்லிக் கைதட்டல் வாங்கும். மற்றோர் அணி பசியைச் சொல்லிக் கைதட்டல் வாங்கும். போட்டி முடிந்துவிடும். எவ்வளவு செலவு, எதற்குச் செலவு என்ற கேள்விக்கு மட்டும் யாரும் போயிருக்க மாட்டார்கள். அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் எண்களைப் பார்ப்போம். 2024-25 மத்திய வரவு செலவுத் திட்டத்தின் மொத்தச் செலவு மதிப்பீடு சுமார் 48.2 லட்சம் கோடி ரூபாய். அதில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது சுமார் 13,043 கோடி. அதாவது நூறு ரூபாயில் 27 காசு. கல்வி அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 1.2 லட்சம் கோடி. நூறு ரூபாயில் இரண்டரை ரூபாய். ஆகவே, ராக்கெட் விடுவதால்தான் பள்ளிகளுக்குப் பணம் இல்லை என்ற வாதம் நிற்காது. அந்த 27 காசை முழுவதும் நிறுத்தினாலும் அது நேராகப் பள்ளிக்கு வந்து சேரும் என்பதற்கு உறுதியும் இல்லை.

ஆனால் இது பாதிக் கணக்குதான். அதே ஆண்டு பள்ளி மதிய உணவுக்கான மத்திய ஒதுக்கீடு சுமார் 12,467 கோடி. நாடு முழுவதும் பிள்ளைகளின் தட்டுக்குப் போகும் மத்திய அரசின் பங்கும் விண்வெளிக்குப் போகும் தொகையும் ஏறக்குறைய ஒன்று. 27 காசு என்றபோது சிறியதாகத் தெரிந்த தொகை, இப்படிப் பக்கத்தில் வைக்கும்போது பெரியதாகத் தெரிகிறது.

சந்திரயான்-3 திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செலவு சுமார் 615 கோடி. 140 கோடி மக்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு நாலரை ரூபாய்கூட வராது. ஒரு வகுப்பறை கட்ட 15 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதே பணத்தில் 4,100 வகுப்பறைகள். இரண்டு கணக்கும் சரி. ஒன்றை மட்டும் போட்டுக் காட்டுபவர் நம்மைத் தன் பக்கம் இழுக்கிறார். மேல்நிலை வகுப்புப் பொருளியலில் 'வாய்ப்புச் செலவு' என்று நாம் நடத்துவது இதைத்தான்.

சரி, செலவான பணம் எங்கே போகிறது? ராக்கெட்டில் ரூபாய் நோட்டை ஏற்றி அனுப்புவதில்லை. பணம் பூமியில்தான் செலவாகிறது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இயந்திரங்களைச் சோதிப்பவர்களுக்கும், பாகங்களைக் கடைந்து தரும் தொழிற்கூடங்களுக்கும் அது ஊதியமாகவும் விலையாகவும் போய்ச் சேருகிறது. என்றாலும், இதை மட்டும் வைத்து விண்வெளிச் செலவை நியாயப்படுத்த முடியாது. பள்ளிக் கட்டடம் கட்டினாலும் கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவருக்கும் கூலி கிடைக்கத்தான் செய்யும். செலவின் முடிவில் மக்கள் கைக்கு என்ன வந்தது என்பதே கேள்வி.

அங்கேதான் விண்வெளித் துறையின் பக்கம் வலுவாக இருக்கிறது. 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2019-இல் அதே கரையைத் தாக்கிய ஃபானி புயலுக்கு முன் சுமார் 12 லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அம்மாநிலத்தில் இறந்தவர்கள் 64 பேர். புயல் காப்பகங்களும் உள்ளூர்ப் பணியாளர்களும் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று முன்கூட்டித் தெரிந்ததில் செயற்கைக்கோள்களின் பங்கு பெரிது. நம் மீனவர்களுக்கு வரும் மீன்வளப் பகுதி அறிவிப்புகளும் இப்படித்தான். கடல்நீரின் வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்கிறது. கடலில் தேடி அலையும் நேரமும் டீசலும் மிச்சமாகின்றன.

நம் துறைக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. 1975-76இல் ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளும் ஆசிரியர்களுக்கான அறிவியல் பயிற்சியும் அதில் இருந்தன. ஏழை நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்ற கேள்விக்கு விக்ரம் சாராபாய் தந்த விடையும் இதுதான்: வல்லரசுகளோடு போட்டி போட அல்ல, நம் மக்களின் தேவைக்காக.

அந்த அளவுகோலையே இன்றும் பிடிப்போம். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு 2018-இல் ஒப்புதலான தொகை சுமார் 10,000 கோடி. 2024-இல் விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து அது சுமார் 20,193 கோடியானது. புயல் எச்சரிக்கையின் பயனைக் காட்டி இந்தச் செலவுக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட முடியாது. புயல் செயற்கைக்கோள் வேறு, நிலவுப் பயணம் வேறு, மனிதப் பயணம் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனியே கணக்குக் கேட்க வேண்டும். பட்ஜெட்டில் வராத செலவும் உண்டு: ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர் கடலுக்குப் போகக்கூடாது. அவருடைய அன்றைய வருமானம் எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது?

விண்வெளித் துறையில் ஈட்டப்படும் ஒரு ரூபாய், பொருளாதாரத்தில் இரண்டரை ரூபாயாகப் பெருகுகிறது என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. மாணவருக்கு அதைச் சொல்லுங்கள். கூடவே, ஆய்வை யார் செய்யச் சொன்னார்கள், எப்படிக் கணக்கிட்டார்கள், கல்வியில் போடும் ஒரு ரூபாய் எத்தனையாகப் பெருகும் என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

என் முடிவைக் கேட்டால், விண்வெளிச் செலவு மொத்தத்தில் நாட்டுக்கு நன்மையே செய்திருக்கிறது. மக்களின் தேவையோடு நெருங்கி நின்ற இடத்தில் அந்த நன்மை மிகுதி. விலகும் இடத்தில் ஐயம் கொள்ள நமக்கு உரிமை உண்டு.

செய்வதற்கு எளிய வேலை ஒன்று சொல்கிறேன். நடுநிலை வகுப்பில் இந்த எண்களைக் கொடுத்து விழுக்காடு போடச் சொல்லுங்கள். உயர்நிலை வகுப்பில் ஒவ்வொரு திட்டத்துக்கும் செலவு, பயன், பயன்பெறுவோர், இழப்போர் என நான்கு கட்டங்கள் வரைந்து நிரப்பச் சொல்லுங்கள். அதன்பின் பட்டிமன்றம் நடத்துங்கள்.

"நம் பள்ளியில் ஆய்வகமே இல்லை, நிலவுக்கு எதற்கு சார்?" என்று ஒரு மாணவி எழுந்து கேட்கக்கூடும். நாட்டுப்பற்றைச் சொல்லி அவளை உட்கார வைத்துவிடாதீர்கள். வரி கட்டப் போகும் குடிமகளின் முதல் கேள்வி அது. கரும்பலகையில் அவளோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள்.