கடல் சிங்கம்



சிங்கம் காட்டில் வாழும். எல்லோருக்கும் தெரியும். கடலிலும் ஒரு சிங்கம் உண்டு. அதன் பெயர் கடல் சிங்கம்.

கடல் சிங்கம் மீன் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு. மூச்சு விட நீருக்கு மேலே வரும். இதில் பல இனங்கள் உண்டு. சில இனங்களில் ஆணுக்குப் பிடரி மயிர் இருக்கும். அதனால்தான் இந்தப் பெயர்.

இந்தியக் கடல்களில் கடல் சிங்கம் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா என்ற மாநிலம் இருக்கிறது. அதன் கடற்கரையில் ஏராளமாக இருக்கின்றன. பாறைகளிலும் மணலிலும் கூட்டம் கூட்டமாகப் படுத்திருக்கும். நாய் குரைப்பது போலச் சத்தம் போடும்.

அது பார்க்க எப்படி இருக்கும்? உடல் நீளமாக, வழவழப்பாக இருக்கும். நிறம் பழுப்பு. முகத்தில் மீசை உண்டு. சிறிய காது மடல் வெளியே தெரியும். நான்கு கால்களும் துடுப்பு போல இருக்கும். அவற்றால் நீந்தும். தரையில் அவற்றை ஊன்றி நடக்கும். ஆண் சுமார் 8 அடி நீளம் வளரும். எடை 350 கிலோ வரை இருக்கும். பெண் சுமார் 6 அடி நீளம். எடை 100 கிலோ. தோலுக்கு அடியில் கொழுப்பு இருக்கும். அது குளிரைத் தாங்க உதவும்.

அதன் உணவு என்ன? நெத்திலி, மத்தி போன்ற மீன்கள். கணவாயும் பிடிக்கும். மூச்சை அடக்கி ஆழத்தில் மூழ்கி இரை தேடும்.

தாய் ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும். சில நாட்கள் கூடவே இருந்து பால் கொடுக்கும். பிறகு இரை தேடிக் கடலுக்குப் போகும். திரும்பி வர இரண்டு மூன்று நாளாகும். கரையில் நூற்றுக்கணக்கான குட்டிகள் இருக்கும். தன் குட்டியை எப்படிக் கண்டுபிடிக்கும்? தாய் குரல் கொடுக்கும். குட்டி பதில் குரல் கொடுக்கும். பிறகு தாய் மோந்து பார்க்கும். தன் குட்டி என்று தெரிந்த பிறகே பால் கொடுக்கும்.

2015ஆம் ஆண்டில் அங்கே கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடானது. கரைக்குப் பக்கத்தில் நெத்தலியும் மத்தியும் குறைந்தன. தாய்கள் வெகுதூரம் போக வேண்டி வந்தது. குட்டிகளுக்குப் பால் போதவில்லை. பசி தாங்காமல், வளரும் முன்பே கடலில் இறங்கின. 3,000க்கும் மேற்பட்ட குட்டிகள் எலும்பும் தோலுமாகக் கரை ஒதுங்கின. பல இறந்து போயின. சிலவற்றை மக்கள் காப்பாற்றினார்கள். மீன் கொடுத்துத் தேற்றினார்கள். மீண்டும் கடலில் விட்டார்கள்.

முன்பு தோலுக்காகவும் எண்ணெய்க்காகவும் மனிதர்கள் இவற்றைக் கொன்றார்கள். 1972இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. கடல் சிங்கத்தைக் கொல்லக் கூடாது, துன்புறுத்தக் கூடாது என்றது. 1975இல் இவை 90,000க்கும் குறைவு. 2008இல் 2,80,000 வரை பெருகின.

சட்டம் வேட்டையைத் தடுத்தது. ஆனால் சட்டம் மட்டும் வயிற்றை நிரப்பாது. கடலில் மீன் இருந்தால்தான் தாய்க்கு இரை. தாய்க்கு இரை இருந்தால்தான் குட்டிக்குப் பால். ஆகவே கடல் சிங்கத்தைக் காக்க வேண்டுமானால், கடலையும் காக்க வேண்டும்.