கற்றவர் கடன்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வி பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தார்கள். கல்வியின் சிறப்பை எடுத்துரைக்க இன்று தலைமையாசிரியர் ஒருவர் தேவையில்லை. அதனை நம் பிள்ளைகளே அறிவர். கற்றபின் செய்யத்தக்கது யாது என்பதே எம் நெஞ்சை அரிக்கும் வினா. அதற்கு விடை தேடி அமெரிக்கா வரை செல்ல விழைகின்றோம். அது தொலைவான இடமேயன்றி அயலான இடமன்று. தீண்டப்படாதார் நிலைக்கும் அங்குள்ள கறுப்பின மக்கள் நிலைக்கும் உள்ள ஒப்புமையை அண்ணல் அம்பேத்கர், டு போய்ஸ் என்னும் கறுப்பினப் பேரறிஞருக்கு 1946-இல் எழுதிய மடலில் சுட்டிக்காட்டினார்.

அடிமை முறை ஒழிந்த இரண்டாண்டுகளில், 1867-இல், வாஷிங்டன் நகரில் ஹோவர்டு பல்கலைக்கழகம் தோன்றியது. அங்கே 1908 சனவரி 15 அன்று, எத்தல் ஹெட்ஜ்மன் என்னும் மாணவியின் முயற்சியால் 9 மாணவியர் கூடி 'ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா' என்னும் சகோதரியர் சங்கத்தை நிறுவினர். கிரேக்க எழுத்துகளால் பெயர் சூட்டுதல் அந்நாட்டுக் கல்லூரிச் சங்கங்களின் மரபு. கறுப்பினக் கல்லூரிப் பெண்களுக்கென எழுந்த இத்தகைய சங்கங்களுள் இதுவே முதலாவது. பட்டம் பெற்றவுடன் இதன் உறவு அறுந்துவிடுவதில்லை. படிப்பு முடித்து ஊர் பெயர்ந்தாலும் அவர்கள் வாழ்நாள் முழுதும் உறுப்பினரே. இளைஞர்களே, இதனை மனத்தில் இருத்துங்கள்.

இச்சங்கத்தின் தலைவியாக விளங்கிய ஐடா ஜாக்சன் ஓர் ஆசிரியை. 1934-ஆம் ஆண்டுக் கோடையில் மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூர் ஆசிரியர்களுக்கென அவர் பயிற்சிப் பள்ளி நடத்தினார். அங்கே வறுமையும் நோயும் எழுத்தறிவுக்கு முன்னே வந்து நின்றன. பிணியுற்ற பிள்ளைக்குப் பாடம் ஏறுமா? ஆகவே, அடுத்த ஆண்டே சங்கம் மருத்துவப் பணியில் இறங்கியது.

அப்பணியை நடத்தியவர் டாக்டர் டோரதி ஃபெரபி. பருத்திப் பண்ணை முதலாளிகள் தம் குத்தகை உழவர்கள் மருத்துவ முகாமுக்குச் செல்ல இசையவில்லை. 'நீங்கள் வர இயலாவிடில் யாங்கள் வருகின்றோம்' என்பது போல, அப்பெண்கள் மருந்துகளைத் தம் கார்களில் ஏற்றிக்கொண்டு பண்ணைகளுக்கே சென்றனர். பண்ணைக் கண்காணிகள் ஆயுதத்துடன் காவல் நிற்க, பிள்ளைகளுக்கு அம்மைத் தடுப்பூசியும் தொண்டை அடைப்பான் தடுப்பூசியும் இட்டனர். 1935 முதல் 1942 வரை கோடைதோறும் இப்பணி நடந்தது. விடுமுறையில் ஓய்வு கொள்ள அவர்களுக்கும் உரிமை இருந்தது என்பதை நினைவிற் கொள்க.

விண்வெளி ஆய்வில் புகழ்பெற்ற மூவரும் இச்சங்கத்தினரே. கேத்தரின் ஜான்சன் பிறந்த ஊரில் கறுப்பினச் சிறார்க்கு எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி இல்லை. பிள்ளைகள் படிக்கவேண்டும் என்பதற்காக அவர் தந்தையார், சுமார் 190 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஊரில் குடும்பத்தைக் குடியமர்த்தினார். அக்கேத்தரின் 18 வயதில் பட்டம் பெற்றார். 1962-இல் ஜான் கிளென் புவியைச் சுற்றி வரப் புறப்படுமுன், கணிப்பொறி தந்த கணக்கை இவ்வம்மையார் சரிபார்க்கவேண்டும் என்று கேட்டாராம். டோரதி வான் கணிப்பொறிக்கான மொழியைத் தாமே கற்றார். கற்றதைத் தம் பிரிவுப் பெண்களுக்கும் கற்பித்தார். மேரி ஜாக்சன், வெள்ளையர் மட்டுமே பயிலும் பள்ளியில் மாலை வகுப்பில் அமர நகராட்சியின் தனி அனுமதி பெற நேர்ந்தது. 1958-இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளரானார். 1979-இலோ, பிற பெண்களின் பணி உயர்வுக்கு உழைக்கும் பொருட்டுத் தம் பதவியினின்று ஒரு படி இறங்கவும் துணிந்தார்.

2021 முதல் 2025 வரை அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராயிருந்த கமலா ஹாரிசும் ஹோவர்டில் பயின்றபோது இச்சங்கத்தில் சேர்ந்தவர். அவர் தாய்வழிப் பாட்டனாரின் ஊர் மன்னார்குடியை அடுத்த துளசேந்திரபுரம் என்பதை நாம் அறிவோம். அவர் பதவியேற்ற நாளில் அணிந்திருந்த முத்து மாலையின் பொருளைப் பலர் அறியோம். சங்கத்தின் தொடக்க உறுப்பினர் 20 பேரையும் 'இருபது முத்துகள்' என்றே போற்றுவர்.

அன்பர்களே! இவர்கள் உயர்ந்தமை மட்டும் செய்தியன்று. உயர்ந்த பின் திரும்பிப் பார்த்தமையே செய்தி. இங்கே எம் குறையையும் ஒளிக்காமல் கூறவேண்டும். பட்டமும் பணியும் பெற்ற பின் யாம் பல்லாண்டுகள் பொங்கலுக்கு மட்டுமே ஊர் வந்தோம். எமக்கு எழுத்தறிவித்த மாலைப் பள்ளி ஆசிரியரின்றி மூடிக் கிடந்தது. அதன் பூட்டைக் கண்டும் நகரப் பேருந்தைப் பிடிக்க விரைந்தோம். அந்நாளில் இடைநின்ற பிள்ளைகளின் முகங்கள் இன்றும் எம்மை வினவுகின்றன.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் கழகத்தில் பட்டம் பெற்றோர் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை மாலைப் பள்ளிக்கு அளிப்போமாக. வாயிலில் ஒரு பதிவேடு வைக்கப்பட்டுள்ளது. முதல் வரியில் எம் பெயரை எழுதிவிட்டே மேடை ஏறினோம். இரண்டாம் வரி உங்களுக்காகக் காத்திருக்கின்றது.