இருமுறை எழுதிய தேர்வு

தேர்வு என்றதும் வினாத்தாளும் மதிப்பெண்ணுமே உங்கள் நினைவுக்கு வரும். தேர்வு எழுதுவோரின் தகுதியை அளக்கும் கோல் அது. சில வேளைகளில் அதே கோல், தேர்வை நடத்துவோரையும் அளந்து காட்டிவிடுகிறது. அமெரிக்கக் கப்பற்படையில் 1944ஆம் ஆண்டு நடந்தது அத்தகைய நிகழ்ச்சி.

அப்போது அப்படையில் கறுப்பின மாலுமிகள் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் இருந்தனர். 1942 வரையில் அவர்களுள் பெரும்பாலோருக்கு வாய்த்த வேலை, அதிகாரிகளுக்குச் சமைத்துப் பரிமாறுவதே. பின்னர்ப் பிற பணிகளும் திறந்துவிடப்பட்டன. ஆனால் அதிகாரியாகப் பணியாற்றிய கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை.

1944 ஜனவரியில் இல்லினாய் மாநிலத்துக் கிரேட் லேக்ஸ் பயிற்சி நிலையத்தில் 16 கறுப்பின மாலுமிகளுக்கு அதிகாரிப் பயிற்சி தொடங்கிற்று. வழக்கமான காலத்தில் பாதியளவே, அதாவது 8 வாரங்களே, அவர்களுக்குத் தரப்பட்டன. அவர்கள் தம்முள் போட்டியிடவில்லை. சட்டம் கற்றவர் ஒருவர், மின்தொழில் அறிந்தவர் ஒருவர் என அவரவர் அறிந்ததை மற்றவர்க்குக் கற்பித்தனர். விளக்கணைக்கும் நேரம் கடந்த பின்னரும், சன்னல்களைப் போர்வையால் மறைத்துக்கொண்டு, கைவிளக்கொளியில் படித்தனர்.

பதினாறு பேரும் தேறினர். மதிப்பெண்கள் மிக உயர்ந்திருந்தமையால் மேலிடம் அவற்றை நம்பவில்லை. மீண்டும் எழுதப் பணித்தது. மீண்டும் எழுதினர். நான்குக்கு 3.89 என்னும் சராசரி கிடைத்தது!

நண்பர்களே, சற்றுச் சிந்தியுங்கள். அவர்கள் குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தால், மறுதேர்வு வேண்டுமென்று எவரேனும் கேட்டிருப்பரா? முதல் தேர்வு மாலுமிகளின் அறிவை அளந்தது. இரண்டாம் தேர்வு மேலிடத்தின் மனத்தை அளந்தது.

அந்த ஆண்டு மார்ச்சில் 12 பேர் 'என்சைன்' என்னும் தொடக்கநிலை அதிகாரிகளாயினர். ஒருவர் அதற்கு அடுத்த கீழ்நிலைப் பதவியான 'வாரண்ட்' அதிகாரியானார். தேறியும் எஞ்சிய மூவருக்குப் பதவி இல்லை. பதவி பெற்றவர்க்கும் பெரும்பாலும் கரைப் பணியும் துறைமுகச் சிறு கலங்களுமே கிடைத்தன. அதிகாரிகள் மன்றத்தில் அவர்களுக்கு இடமில்லை.

இங்கேதான் நுட்பமான அநீதி இருக்கிறது. பதவி உயர்வுக்கு அனுபவம் வேண்டும் என்பது நியாயமான விதி. ஆனால் கப்பலையே ஒப்படைக்காமல், கப்பல் செலுத்திய அனுபவம் இல்லையே என்று கூறுவது எங்ஙனம் நியாயமாகும்? வாய்ப்பின்றித் தகுதி வளர்வதில்லை.

1948 ஜூலை 26ஆம் நாள் குடியரசுத் தலைவர் ட்ரூமன், படைகளில் இனவேறுபாடின்றிச் சம வாய்ப்பு வேண்டுமென ஆணை பிறப்பித்தார். ஆணை பிறந்த அன்றே பழைய வழக்கம் மாய்ந்துவிடவில்லை. 1944 டிசம்பரில் அதிகாரியான சாமுவேல் கிரேவ்லி என்னும் கறுப்பினத்தவர் 1962இல்தான் போர்க்கப்பல் ஒன்றின் தலைமையை ஏற்றார். 1971இல் அக்கப்பற்படையின் முதற் கறுப்பின அட்மிரலானார். அந்தப் பதின்மூவரோ பிற்காலத்தில் 'பொற்பதின்மூவர்' எனப் போற்றப்பட்டனர்; 1987இல் கிரேட் லேக்ஸில் ஒரு கட்டடத்துக்கு அப்பெயரே சூட்டப்பட்டது.

இன்று தேர்வு எழுதும் நீங்கள், நாளை பிறரைத் தேர்வு செய்யும் நாற்காலியில் அமர்வீர்கள். அப்போது எதிர்பாராத ஒருவர் முதலிடம் பெற்றால், அவருடைய விடைத்தாளை ஐயுறுமுன் உங்கள் எதிர்பார்ப்பை ஒருமுறை ஐயுற்றுப் பாருங்கள்.